அரசனுக்குப் படை தந்த குடும்பம்: பெர்சிகளின் கதை வழியே ஓர் எளிய விளக்கம்

இடைக்கால இங்கிலாந்தின் பிரபு குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் கட்டாயம் எட்டிப்பார்க்கும். ஒன்று, "அரசன் நிலம் கொடுத்தான், பதிலுக்கு அவர்கள் போருக்கு வந்தார்கள்" என்பது. இன்னொன்று, "விசுவாசமாக இருந்தவரை நல்லவர்கள், வாளைத் திருப்பியதும் துரோகிகள்" என்பது. முதல் கருத்து ஒரு காலத்துக்குப் பொருந்தும், பிறகு பொருந்தாது. இரண்டாவது கருத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் நடந்தவற்றில் பாதி புரியாமலே போய்விடும்.

ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்தால் விஷயம் தெளிவாகும். இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி வாழ்ந்த பெர்சி குடும்பம் அதற்குப் பொருத்தமானது. நானூறு ஆண்டுகள் அரசர்களுக்குப் படை தந்தார்கள். ஓர் அரசனை அரியணை ஏற்றினார்கள், நான்கே ஆண்டுகளில் அதே அரசனை எதிர்த்துப் போர்க்களத்தில் நின்றார்கள். இத்தனைக்கும் பிறகு அரசு மறுபடியும் அவர்களைத்தான் கூப்பிட்டது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு முன்னெச்சரிக்கை. இந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மூத்த மகனுக்கு ஹென்றி என்றே பெயர் வைத்தார்கள். அரசர்களிலும் பலர் ஹென்றி. குழப்பம் வராமலிருக்க, அரசர்களை "நான்காம் ஹென்றி" என்று எண்ணோடும், பெர்சிகளைப் பட்டத்தோடும் குறிப்பிடுகிறேன்.

காண்ட்ராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள்

அரசு ரோடு போடுகிறது என்கிறோம். ஆனால் அரசிடம் ஜல்லியும் இல்லை, தாரும் இல்லை, ஆளும் இல்லை. காண்ட்ராக்டரிடம் இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும். முன்பணம் கொஞ்சம் வரும். மீதிக்குக் காண்ட்ராக்டர் தன் கைக்காசைப் போட்டு, கடன் வாங்கி, ஆட்களுக்கு வாரக்கூலி கொடுத்து வேலையை முடிப்பார். பிறகு பில் போடுவார். பில் பாஸ் ஆகும், ஆனால் பணம் வராது. ஆபீசுக்கு நடையாய் நடப்பார். "ஃபண்ட் இல்லை, அடுத்த மாதம் பாருங்கள்" என்பார்கள். அதற்குள் ஆட்கள் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு அரசைத் தெரியாது, காண்ட்ராக்டரைத்தான் தெரியும்.

14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து அரசனுக்கும் பெரிய பிரபுக்களுக்கும் இருந்த உறவு பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது. அரசனிடம் நிரந்தரப் படை என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. படை பிரபுக்களிடம் இருந்தது. வேறுபாடு ஒன்று உண்டு: இந்தக் காண்ட்ராக்டரிடம் கோட்டைகளும், வில்லாளிகளும், அரச குடும்பத்தில் சம்பந்தமும் இருந்தன. பாக்கி வராவிட்டால் மனு கொடுப்பதோடு நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

தொடக்கத்தில் நிலம்தான் கூலி

1066-இல் நார்மண்டி பிரபு வில்லியம் இங்கிலாந்தை வென்றார். தன்னோடு கடல் கடந்து வந்தவர்களுக்கு நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். அப்படி நிலம் பெற்றவர்களில் வில்லியம் டி பெர்சியும் ஒருவர். 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் அவருக்கு யார்க்‌ஷயரிலும் லிங்கன்‌ஷயரிலும் ஏராளமான நிலம் பதிவாகியிருக்கிறது.

இந்த நிலம் சும்மா வந்ததல்ல. அரசன் அழைக்கும்போது இத்தனை நைட்டுகளோடு வர வேண்டும் என்ற கடமை அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நைட் என்பவர் முழுக் கவசம் அணிந்து குதிரைமேல் போரிடும் பயிற்சி பெற்ற வீரர். ஒரு நைட்டைப் பராமரிக்கப் போதுமான நிலத்தை "நைட் மானியம்" என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரபுவின் கையில் எத்தனை நைட் மானியங்கள் இருக்கின்றனவோ அத்தனை வீரர்களை அவர் தர வேண்டும். வழக்கமான சேவைக்காலம் ஆண்டுக்கு 40 நாள்.

பக்கத்து ஊர்ப் பிரபுவோடு சண்டை என்றால் 40 நாள் போதும். கடல் தாண்டி பிரான்சில் ஒரு கோட்டையை முற்றுகையிட வேண்டுமானால்? பயணத்திலேயே பாதி நாள் கரைந்துவிடும். நாற்பத்தோராவது நாள் வீரர்கள் ஊர் திரும்பலாம். போதாக்குறைக்கு, நில மானியங்கள் வாரிசுகளிடையே பிரிந்து பிரிந்து, முக்கால் நைட், அரை நைட் கடமை உள்ளவர்களெல்லாம் உருவானார்கள். அரை நைட்டை எப்படிப் போருக்கு அனுப்புவது?

அதனால் 12-ஆம் நூற்றாண்டிலேயே மாற்றுவழி பரவியது. ஆளுக்குப் பதில் பணம் கட்டலாம். இதற்குக் "கேடயப் பணம்" என்று பெயர். அந்தப் பணத்தில் அரசன் கூலிப்படை வைத்துக்கொண்டான். பழைய முறையில் நிலக்கடமையைச் சொல்லிப் படை திரட்ட விடுக்கப்பட்ட கடைசி அழைப்பு 1385-இல், இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்துமீது படையெடுத்தபோது. அதற்கு வெகு காலம் முன்பே அது பெயரளவுக்கு ஆகிவிட்டது.

இதுவரை சுருக்கமாக: நிலம் பெற்றவர் படையோடு வர வேண்டும் என்பது தொடக்கக்கால ஏற்பாடு. நீண்ட போர்களுக்கு அது ஒத்துவரவில்லை. நிலம் பிரபுவிடமே தங்கியது, படைக்கடமை மட்டும் மெல்ல மெல்லப் பணமாக மாறியது.

பல்வெட்டுப் பத்திரம்

முதலாம் எட்வர்ட் 1296-இல் ஸ்காட்லாந்துமீது போர் தொடங்கியதிலிருந்து வடக்கு எல்லை மாறிப்போனது. அதுவரை யார்க்‌ஷயர் குடும்பமாக இருந்த பெர்சிகள் அந்தப் போர்களில்தான் எல்லைக் குடும்பமானார்கள். அன்றைய குடும்பத் தலைவர் ஹென்றி பெர்சி, எட்வர்டின் ஸ்காட்லாந்துப் போர்களில் தொடர்ந்து பணியாற்றியவர். 1309-இல் ஆனிக் என்ற ஊரையும் அதன் கோட்டையையும் டர்ஹாம் பிஷப் ஆண்டனி பெக்கிடமிருந்து வாங்கினார். எல்லையிலிருந்து ஒரு நாள் குதிரைப் பயணத்துக்குள் இருக்கும் கோட்டை அது. இன்றும் அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்களிடமே இருக்கிறது.

இந்தக் காலத்தில்தான் எழுத்து ஒப்பந்தம் இயல்பான நடைமுறையானது. அதைச் செய்த விதம் அழகானது. ஒரே தோல் தாளில் ஒப்பந்த வாசகத்தை இரண்டு முறை, மேலும் கீழுமாக எழுதுவார்கள். நடுவில் கத்தியால் வளைந்து வளைந்து, பல் பல்லாக வெட்டுவார்கள். ஒரு பாதி அரசனிடம், மறு பாதி பிரபுவிடம். நாளை யாராவது போலிப் பத்திரம் நீட்டினால், இரு பாதிகளையும் சேர்த்துவைத்தால் போதும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் உண்மை. இதைத்தான் "பல்வெட்டுப் பத்திரம்" என்று குறிப்பிடப்போகிறேன்.

பத்திரத்தில் என்ன இருக்கும்? எத்தனை வீரர்கள், எத்தனை வில்லாளிகள், எங்கே, எத்தனை நாள், நாள்கூலி என்ன. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் பொதுவான விகிதம்: கவச வீரருக்கு நாளுக்கு 1 ஷில்லிங், நைட்டுக்கு 2 ஷில்லிங், வில்லாளிக்கு 6 பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கவச வீரர்களுக்கு நாளுக்கு 5 பவுண்டு. 200 வில்லாளிகளுக்கு இன்னொரு 5 பவுண்டு. ஆக 300 பேர் கொண்ட நடுத்தரப் படைக்கு நாளுக்கு 10 பவுண்டு, மூன்று மாதத்துக்கு 900 பவுண்டு. ஒரு வில்லாளி ஆண்டு முழுக்க வேலை பார்த்தாலும் அவருக்குக் கிடைப்பது சுமார் 9 பவுண்டுதான். இவ்வளவு பணத்தை அரசன் கொடுக்கத் தாமதித்தால் பிரபு தன் நில வருமானத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும்.

கூலிக்கு மேலாக இன்னொரு வருமானமும் இருந்தது: கைதிகள். எதிரிப் பிரபு ஒருவரை உயிரோடு பிடித்தால் அவர் குடும்பம் விடுவிப்புப் பணம் தரும். 14-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இதற்கு ஒரு பங்கீடு நிலைபெற்றிருந்தது: பிடித்தவர் தன் தலைவருக்கு மூன்றில் ஒரு பங்கு தருவார், தலைவர் தன் பங்கில் மூன்றில் ஒன்றை அரசனுக்குத் தருவார். மிகப் பெரிய கைதி என்றால் அரசன் தானே எடுத்துக்கொண்டு, பிடித்தவருக்கு ஈடு தருவது வழக்கம். இந்த விதியை நினைவில் வையுங்கள். பெர்சி கதையின் முடிச்சுகளில் ஒன்று இதில்தான் விழுந்தது.

எல்லைக் காவலர் என்ற பதவி

ஸ்காட்லாந்தை ஒட்டிய பகுதிக்கு "மார்ச்" என்று பெயர். கிழக்கு மார்ச், மேற்கு மார்ச் என இரண்டு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் அரசன் ஒரு காவலரை நியமிப்பார். ஊடுருவலைத் தடுப்பது, பெரிக், கார்லைல் போன்ற எல்லை நகரங்களில் காவற்படை வைப்பது, ஸ்காட்லாந்துத் தரப்போடு உட்கார்ந்து மாட்டுத் திருட்டு முதல் கொலை வரை வழக்குத் தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இந்த வேலைக்கு லண்டனிலிருந்து யாரையாவது அனுப்பிவிட முடியாதா? முடியும், ஆனால் பயனிருக்காது. ஸ்காட்லாந்துப் படை அறுவடைக் காலத்தில் திடீரென்று நுழைந்து, பயிரைக் கொளுத்தி, மாட்டை ஓட்டிக்கொண்டு சில நாட்களில் திரும்பிவிடும். லண்டனுக்குச் செய்தி போய் ஆணை வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். உள்ளூரில் கோட்டை வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு வரும் ஆட்கள் வேண்டும், ஒவ்வொரு கணவாயும் தெரிந்திருக்க வேண்டும்.

1346 இதற்கு நல்ல சான்று. மூன்றாம் எட்வர்ட் தன் பெரும்படையோடு பிரான்சில் கலே நகரை முற்றுகையிட்டிருந்தார். இதுதான் சமயம் என்று ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் டேவிட் வடக்கே நுழைந்தார். அரசன் நாட்டிலேயே இல்லை. யார்க் ஆர்ச்பிஷப்பும், ரால்ஃப் நெவிலும், ஹென்றி பெர்சியும் உள்ளூர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு டர்ஹாம் அருகே நெவில்ஸ் கிராஸ் என்ற இடத்தில் எதிர்கொண்டார்கள். ஸ்காட்லாந்துப் படை சிதறியது, அரசர் டேவிட்டே கைதியானார். வடக்குக் குடும்பங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அரசவை அன்று உணர்ந்திருக்கும்.

1377-இல், இரண்டாம் ரிச்சர்ட் முடிசூடியபோது, அன்றைய குடும்பத் தலைவர் நார்தம்பர்லாந்து எர்ல் ஆக்கப்பட்டார். எர்ல் என்பது அந்நாளைய பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்த அடுக்கைச் சேர்ந்தது. அவருடைய மூத்த மகன்தான் ஹாட்ஸ்பர் என்று எதிரிகளும் நண்பர்களும் அழைத்த ஹென்றி பெர்சி. 1364-இல் பிறந்தவர். 1388-இல் ஆட்டர்பர்ன் போரில் ஸ்காட்லாந்துக்காரர்களிடம் பிடிபட்டார். அவரை மீட்கும் பணத்தில் 3,000 பவுண்டு அரசுப் பணமாகவே போனது. எல்லைக்கு அவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்பதற்கு இதைவிட நேரடியான அளவுகோல் கிடைக்காது.

1399-இல் ஹாட்ஸ்பருக்குக் கிழக்கு மார்ச் பத்தாண்டுக்குக் கொடுக்கப்பட்டது. சம்பளம் அமைதிக் காலத்தில் ஆண்டுக்கு 3,000 பவுண்டு, போர்க்காலத்தில் 12,000 பவுண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் மலைக்க வைக்கும் தொகை. ஆனால் இது அவர் பைக்குப் போகும் சம்பளமல்ல. கோட்டைக் காவலும் வீரர் கூலியும் எல்லாம் அதற்குள்தான்.

சுருக்கமாக: நிலக்கடமை போய், பல்வெட்டுப் பத்திரம் வந்தது. எல்லையில் அது நிரந்தரப் பதவியாகவே மாறியது. வேலையைச் செய்யக்கூடிய குடும்பங்கள் ஒன்றிரண்டுதான் இருந்தன. அரசனுக்கு அவர்கள் தேவை, அவர்களுக்கு அரசன் தரும் பணம் தேவை.

பணம் மரக்குச்சியாக வந்தது

எல்லாரும் தாண்டிப்போகும் இடம் இது. ஆனால் பெர்சிகளின் கோபத்தைப் புரிந்துகொள்ள இந்தக் குச்சியைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

அரசின் வரவுசெலவைப் பார்த்த இடம் கருவூலம். அங்கே ரசீது காகிதத்தில் இல்லை, மரத்தில். ஒரு ஹேசல் மரக்குச்சியை எடுத்து, தொகைக்கேற்ப வெட்டுகள் போடுவார்கள். எந்த வெட்டு எவ்வளவு அகலம் என்பதற்கு விதியே இருந்தது. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம். நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். இருபது பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. ஒரு பென்னிக்கு வெறும் கீறல், மரத்தைச் செதுக்கக்கூடாது. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். வெட்டுகள் இரு பாதியிலும் விழுந்திருக்கும். ஒரு பாதி கருவூலத்தில், மறு பாதி பணம் கட்டியவரிடம். பல்வெட்டுப் பத்திரத்தின் அதே யுக்தி, மரத்தில். இதைக் "கணக்குக்கோல்" என்போம்.

வரவுக்கான ரசீதாகத் தொடங்கிய இதை, அரசு பிறகு கடன் தீர்க்கவும் பயன்படுத்தியது. பெர்சிக்கு ஆயிரம் பவுண்டு தர வேண்டும், கருவூலத்தில் ரொக்கம் இல்லை. ஹல் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதிக்குச் சுங்கம் வசூலிக்கும் அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏற்கெனவே ஆயிரம் பவுண்டைக் கருவூலத்தில் கட்டிவிட்டதுபோல ஒரு கணக்குக்கோலை வெட்டி, அதைப் பெர்சியிடம் கொடுத்துவிடுவார்கள். பெர்சியின் ஆள் அதை எடுத்துக்கொண்டு ஹல்லுக்குப் போவார். அதிகாரி கோலை வாங்கிக்கொண்டு பணத்தைத் தருவார். தணிக்கையின்போது அந்தக் கோலே அவருக்கு ரசீது.

சுங்கம் வசூலாகியிருந்தால் இது அருமையான ஏற்பாடு. பணத்தை மூட்டை கட்டி லண்டனுக்குக் கொண்டுபோய்த் திரும்ப வடக்கே சுமந்துவர வேண்டாம். ஆனால் அதே அதிகாரியின் பேரில் இன்னும் பத்துப் பேருக்குக் கோல் வெட்டிக் கொடுத்திருந்தால்? முதலில் போனவருக்குப் பணம், பின்னால் போனவர் கையில் குச்சி. அதைத் திரும்பக் கருவூலத்துக்கே கொண்டுபோய்ப் புதுக்கோல் கேட்க வேண்டும். புதுக்கோலிலும் பணம் வருமா என்பது யாருக்கும் தெரியாது.

கருவூலப் பதிவைப் பார்த்தால் பெர்சிக்குப் பணம் கொடுத்தாயிற்று என்றிருக்கும். பெர்சியின் கணக்கைப் பார்த்தால் பாக்கி என்றிருக்கும். இரண்டுமே பொய்யில்லை.

1399 முதல் 1403 வரை: நான்கு ஆண்டுகளில் நடந்தது

1399 கோடையில், நாடுகடத்தப்பட்டிருந்த ஹென்றி போலிங்புரோக் (அரசன் ரிச்சர்டின் சித்தப்பா மகன்) தன் குடும்பச் சொத்தைக் கேட்டு யார்க்‌ஷயர் கரையில் இறங்கினார். பெர்சிகள் தங்கள் படையோடு அவர் பக்கம் சேர்ந்தார்கள். சில மாதங்களில் இரண்டாம் ரிச்சர்ட் பதவியிழந்தார், போலிங்புரோக் நான்காம் ஹென்றியாக முடிசூடினார். சொத்தை மட்டுமே கேட்பதாகத் தங்களிடம் சத்தியம் செய்தார், அரியணையை அல்ல என்று பெர்சிகள் பின்னாளில் சொன்னார்கள். எப்படியிருந்தாலும் பலன் அவர்களுக்கும் வந்தது. எர்லுக்கு இங்கிலாந்தின் கான்ஸ்டபிள் பதவியும் (இன்றைய போலீஸ் பதவியல்ல, அரசுப் படைக்கான உயர் பதவி), ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவும். ஹாட்ஸ்பருக்குக் கிழக்கு மார்ச்சோடு வட வேல்ஸில் நீதி அதிகாரமும் கோட்டைகளும். எர்லின் தம்பி தாமஸ் பெர்சிக்கு அரசவையில் உயர் பொறுப்பு.

பிரச்சினை பல முனைகளில் முளைத்தது. வேல்ஸில் ஓவைன் க்ளின்டூர் கிளர்ச்சியைத் தொடங்கினார். அங்கும் போர், ஸ்காட்லாந்திலும் போர். வருமானம் போதவில்லை. கணக்குக்கோல்கள் திரும்பிவந்தன.

1402 ஜூனில் எட்மண்ட் மார்ட்டிமர் வேல்ஸ் கிளர்ச்சியாளர்களிடம் பிடிபட்டார். அவர் ஹாட்ஸ்பரின் மைத்துனர். அவரை மீட்கப் பணம் தர அரசன் மறுத்தார். மார்ட்டிமர் குடும்பத்துக்கு அரியணைமீது வலுவான வாரிசுரிமை இருந்தது, அவர் உள்ளேயே இருப்பது அரசனுக்கு வசதி என்று பலர் நினைத்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி, கொள்ளையடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துப் படையைப் பெர்சிகள் ஹோமில்டன் ஹில்லில் மறித்தார்கள். வில்லாளிகளே போரை முடித்துவிட்டார்கள். டக்ளஸ் எர்ல், ஸ்காட்லாந்தை அன்று நிர்வகித்த ஆல்பனி பிரபுவின் மகன் மர்டாக், இன்னும் எத்தனையோ பிரபுக்கள் கைதிகள். பாக்கியெல்லாம் அடைபடும் அளவுக்கு விடுவிப்புப் பணம் கண்முன் நின்றது. அப்போதுதான் அரசனின் ஆணை வந்தது: என் அனுமதி இல்லாமல் யாரையும் விடுவிக்கக்கூடாது. எர்ல் தன் கைதிகளை ஒப்படைத்தார். ஹாட்ஸ்பர் டக்ளஸைத் தர மறுத்துவிட்டார்.

அரசன் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஸ்காட்லாந்தின் தலைமையே கையில் இருக்கும்போது, அவர்களை உடனே விற்றுவிட்டால் அமைதிப் பேச்சில் பிடி போய்விடும். பெரிய கைதியை எடுத்துக்கொள்ள அரசனுக்கு உரிமையும் உண்டு. ஆனால் கூலியும் தராமல், கூலிக்குப் பதில் கிடைத்ததையும் எடுத்துக்கொண்டால் எல்லைக்காவலர் எதை வைத்து ஆட்களுக்குக் கொடுப்பார்?

1403 மார்ச் மாதத்தில் அரசன் ஒரு வழி கண்டுபிடித்தார். டக்ளஸின் நிலங்களைப் பெர்சிகளுக்கு வழங்கினார். அந்த நிலங்கள் ஸ்காட்லாந்தில் இருந்தன! போய் வென்றுகொள்ள வேண்டும், அதற்கும் படை வேண்டும், அதற்கும் பணம் வேண்டும்.

ஜூன் 26 அன்று எர்ல் அரசனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தனக்கும் தன் மகனுக்கும் 20,000 பவுண்டுக்கு மேல் பாக்கி என்கிறார். பணம் வராவிட்டால் நாட்டின் மானம் போகும் என்கிறார். கையெழுத்தில் "உங்கள் மத்தத்தியாஸ்" என்று போடுகிறார். பழைய யூத வரலாற்றில், தன் மகன்களோடு சேர்ந்து நாட்டுக்காகப் போரிட்ட கிழவர் மத்தத்தியாஸ். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் தன்னை எப்படிப் பார்த்தார் என்பது அந்த ஒரு பெயரில் தெரிகிறது. அதுவரை பெர்சிகளுக்குப் போய்ச்சேர்ந்த பணமும் குறைவல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரசின் கண்ணில் அவர்கள் ஏற்கெனவே நிறையப் பெற்றவர்கள்.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 21 அன்று ஷ்ரூஸ்பரியில் ஹாட்ஸ்பரின் படையும் அரசனின் படையும் மோதின. கைதியாக இருந்த டக்ளஸ் இப்போது ஹாட்ஸ்பர் பக்கம் நின்று போரிட்டார். தாமஸ் பெர்சி, தன் பொறுப்பில் இருந்த இளவரசரை, அதாவது அரசனின் மூத்த மகனை, விட்டுவிட்டு அண்ணன் மகனோடு சேர்ந்துகொண்டார். அந்த இளவரசருக்கு வயது 16, முகத்தில் அம்பு பாய்ந்தும் களத்தை விட்டு நகரவில்லை. ஹாட்ஸ்பர் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்துத் தாமஸின் தலை வெட்டப்பட்டது. ஹாட்ஸ்பர் சாகவில்லை என்ற வதந்தி பரவியதால், புதைத்த உடலைத் தோண்டியெடுத்து ஷ்ரூஸ்பரியில் எல்லார் பார்வைக்கும் வைத்தார்கள்.

பணம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மார்ட்டிமர் விவகாரம், கைதிகள், பேராசை, தாங்கள்தான் இவரை அரசனாக்கினோம் என்ற எண்ணம் எல்லாமே கலந்திருந்தது. ஆனால் பாக்கிக் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தால் மற்றவை வெறும் கோபதாபமாகத் தெரியும்.

இளவரசர்களுக்கும் அதே பாக்கி

இது பெர்சிகளின் சாக்குப்போக்கு என்று நினைப்பவர்களுக்கு, அரசனின் சொந்த மகன்களையே சாட்சியாக நிறுத்தலாம்.

ஷ்ரூஸ்பரிப் போருக்கு இரண்டு மாதம் முன்பு, 1403 மே இறுதியில், வேல்ஸ் முனையில் இருந்த அதே இளவரசர் அரசவைக்கு எழுதினார்: வீரர்கள் கூலி எப்போது என்று கேட்கிறார்கள், என் நகைகளை அடகு வைத்துச் சமாளிக்கிறேன் என்று. பெர்சிகள் வீழ்ந்தபின் கிழக்கு மார்ச் காவலராக நியமிக்கப்பட்டவர் அரசனின் மூன்றாம் மகன் ஜான், வயது 14. அவரும் அடுத்து வந்த ஆண்டுகளில் பெரிக் காவற்படைக்குக் கூலி வரவில்லை என்று திரும்பத் திரும்ப முறையிட்டார். ஆள் மாறியும் குறை மாறவில்லை. அப்பா அரசராகவே இருந்தாலும் கணக்குக்கோலில் பணம் சொட்டவில்லை. வேறுபாடு, மகன்கள் கிளர்ச்சி செய்யவில்லை என்பதுதான்.

தண்டித்த பிறகும் ஏன் திரும்ப அழைத்தார்கள்?

எர்ல் ஷ்ரூஸ்பரிக்கு வந்துசேரவில்லை. அதனால் உயிர் தப்பினார். 1405-இல் மறுபடி கிளர்ச்சி, தோல்வி, ஸ்காட்லாந்துக்கு ஓட்டம். 1408 பிப்ரவரியில் யார்க்‌ஷயரின் பிராமம் மூரில் சண்டையில் இறந்தார். நிலங்கள் பறிமுதல். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்குக் காரணம் "சார்ந்தோர்". பெரிய பிரபு ஒருவரைச் சுற்றி, ஆண்டுதோறும் படி பெற்றுக்கொண்டு போரிலும் வழக்கிலும் அவருக்காக நிற்கும் உள்ளூர் நைட்டுகள், சிறு நிலக்காரர்கள், கோட்டை அதிகாரிகள் அடங்கிய கூட்டத்தை இங்கே அப்படிக் குறிப்பிடுகிறேன். இவர்கள் பெர்சிகளின் வேலைக்காரர்கள் மட்டுமல்ல. பலருக்குத் தாத்தா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தோடு உறவு. எர்லின் நிலத்தைப் பறிக்கலாம். இந்த உறவைப் பறிமுதல் செய்யும் ஆணையை எந்தக் கருவூலமும் எழுத முடியாது. ஷ்ரூஸ்பரிக்குப் பிறகும் வடக்கே பெர்சி கோட்டைகள் சில உடனே அரசனிடம் பணியவில்லை.

அரசன் பெர்சிகளின் போட்டிக் குடும்பமான நெவில்களை வளர்த்துப்பார்த்தார். அது இன்னொரு ஆபத்து: ஒரே காண்ட்ராக்டர் மிஞ்சினால் அவர் வைத்ததே விலை.

1413-இல் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் ஹென்றி, அதாவது ஷ்ரூஸ்பரியில் முகத்தில் அம்பு வாங்கிய அதே இளவரசர், பிரான்சில் பெரும்போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வடக்கு எல்லை அமைதியாக இருந்தால்தான் அது நடக்கும். ஹாட்ஸ்பரின் மகன் அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார், தாத்தா கொண்டுபோய் விட்டது. 1416-இல் அவர் இங்கிலாந்து திரும்பினார், நார்தம்பர்லாந்து எர்ல் பட்டமும் கிடைத்தது. அவருக்கு மாற்றாக ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்ட கைதி யார் தெரியுமா? மர்டாக். ஹோமில்டன் ஹில்லில் பெர்சிகள் பிடித்து, அரசன் எடுத்துக்கொண்ட அதே மர்டாக். பதினான்கு ஆண்டு கழித்து அந்தக் கைதியின் பயன் பெர்சி குடும்பத்துக்கே வந்துசேர்ந்தது. மறு ஆண்டே புதிய எர்ல் கிழக்கு மார்ச் காவலரானார்.

சுருக்கமாக: குடும்பத்தைத் தண்டிப்பது எளிது, அதன் இடத்தை நிரப்புவது கடினம். மன்னிப்பு இரக்கத்தால் மட்டும் வரவில்லை, தேவையால் வந்தது.

அதன் பிறகு

15-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரச குடும்பமே இரண்டாகப் பிளந்து, நான்காம் ஹென்றியின் வழிவந்த லங்காஸ்டர் தரப்பும் யார்க் தரப்பும் மோதிக்கொண்டன. நெவில்கள் பெரும்பாலும் யார்க் பக்கம், பெர்சிகள் லங்காஸ்டர் பக்கம். இரு குடும்பங்களுக்கும் 1453-லேயே யார்க் அருகே ஹெவொர்த் மூரில் கைகலப்பு ஆகியிருந்தது. அடுத்த பத்தாண்டில் பெர்சிகள் கொடுத்த விலையை அடுக்கிப் பார்த்தால் போதும். 1455-இல் செயின்ட் ஆல்பன்ஸில் ஹாட்ஸ்பரின் மகன் பலி. 1460-இல் நார்தாம்ப்டனில் பேரன் தாமஸ். 1461-இல் டவுட்டனில் இன்னொரு பேரன், மூன்றாம் எர்ல். 1464-இல் ஹெட்ஜ்லி மூரில் ரால்ஃப் பெர்சி. தாத்தா அரசனுக்கு எதிராக இறந்தார், பேரப்பிள்ளைகள் அதே அரசனின் பேரனுக்காக இறந்தார்கள்.

அடுத்து வந்த நான்காம் எர்லைச் சில ஆண்டுகள் லண்டன் கோபுரத்தில் அடைத்துவைத்தது யார்க் அரசு. 1470-இல் பட்டத்தைத் திரும்பக் கொடுத்ததும் அதே அரசுதான். வடக்கு நெவில்களின் கையில் மட்டுமே இருப்பது ஆபத்து என்று யார்க் அரசர் நான்காம் எட்வர்டுக்குப் புரிந்திருந்தது.

1485 ஆகஸ்டில் போஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்ட் தன் கிரீடத்துக்காகப் போரிட்டபோது, நான்காம் எர்ல் படையோடு வந்திருந்தார். ஆனால் அந்தப் படை சண்டையில் இறங்கவில்லை. ரிச்சர்ட் கொல்லப்பட்டார், ஏழாம் ஹென்றி அரசரானார். எர்ல் சில மாதம் சிறையிருந்துவிட்டு வடக்குக்கே காவலராகத் திரும்பினார்.

1489-இல் புதிய அரசன், பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டனி என்ற பகுதியில் நடக்கும் போருக்காக வரி விதித்தார். யார்க்‌ஷயர் மக்கள் மறுத்தார்கள். எல்லைப் போருக்கென்றால் தாங்களே ஆளும் பொருளும் தருகிறவர்கள், எங்கோ கடலுக்கப்பால் நடக்கும் போருக்கு ஏன் தர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. வரியைக் குறைக்க முடியாது என்ற அரசனின் பதிலை எடுத்துக்கொண்டு எர்ல்தான் அவர்கள்முன் போக வேண்டியிருந்தது. ஏப்ரல் 28 அன்று தர்ஸ்க் அருகே கூட்டம் அவரைக் கொன்றது. உடன் வந்த ஆட்கள் அவரைக் காப்பாற்றவில்லை.

அவருடைய மகனுக்கு அப்போது வயது பதினொன்று. அரசன் வடக்கைக் கவனிக்கத் தாமஸ் ஹோவர்டை அனுப்பினார். போஸ்வொர்த்தில் ரிச்சர்டுக்காகக் கடைசிவரை போரிட்டுச் சிறைப்பட்ட மனிதர் அவர். நிலமெல்லாம் தெற்கே. வடக்கில் அவருக்குச் சொந்தக் கோட்டையும் இல்லை, சார்ந்தோரும் இல்லை. எல்லைக்காவல் பட்டத்தை அரசன் தன் இரண்டரை வயது மகன் ஆர்தர் பெயரில் எழுதிவைத்தார், வேலையை ஹோவர்ட் பார்த்தார்.